பழைய ஸ்பீக்கரின் ரப்பர் ஓரம்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

முப்பது நாற்பது வருடம் ஆன ஸ்பீக்கர் கைக்கு வந்ததும் பலரும் செய்யும் முதல் வேலை, முன்பக்கத் துணியைக் கழற்றி, கோனை (ஒலி எழுப்ப முன்னும் பின்னும் அசையும் கூம்பை) சுற்றியுள்ள ரப்பரை விரலால் அழுத்திப் பார்த்து, "ரப்பர் போச்சு, மாத்திடணும்" என்று முடிவு கட்டுவது. தயவுசெய்து அவசரப்படாதீர்கள். என் மேஜைக்கு வந்த வூஃபர்களில் (பேஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்களில்), ரப்பர் பார்க்க மங்கிப்போய் இருந்தாலும் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தவைதான் அதிகம். கோளாறு பசையில் இருந்தது, ஸ்பைடரில் (கோனின் அடியில் அதைப் பிடித்திருக்கும் நெளிந்த துணி வளையத்தில்) இருந்தது, சில சமயம் பெட்டியின் காற்றுக் கசிவில் இருந்தது. ஒரு தடவை நல்ல ரப்பரைப் பிய்த்து எறிந்துவிட்டால் அந்த ஸ்பீக்கருக்கென்றே தேர்ந்தெடுத்த அதே தடிமன், அதே மென்மை உள்ள ரப்பர் திரும்பக் கிடைப்பது ரொம்பக் கஷ்டம். அதனால் கீழே நான் எழுதியிருப்பது எல்லாம், மாற்றுவதைக் கடைசி வேலையாக வைத்து, காதுக்கும் கண்ணுக்கும் தெரிகிற அறிகுறியில் இருந்து காரணத்துக்குப் போகும் வழி.

இந்த ஓரத்தைச் சரவுண்ட் என்பார்கள், எட்ஜ் என்றும் சொல்வார்கள். அதற்கு மூன்று வேலை. கோன் முன்னும் பின்னும் போய்வர இடம் கொடுக்க வேண்டும், கோனின் முன்பக்கக் காற்றும் பின்பக்கக் காற்றும் கலக்காமல் அடைக்க வேண்டும், கோனின் விளிம்பு வரை ஓடிவரும் அதிர்வைத் திரும்ப உள்ளே அனுப்பாமல் தானே உறிஞ்சிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வேலையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். பாட்டுக்காரர் குரல் ஏன் திடீரென்று முரடாகக் கேட்கிறது என்று, உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரைச் சந்தேகிக்கும்போது, காரணம் பல நேரம் இங்கேதான் இருக்கும். கோனை நடுவில் பிடித்து வைப்பது பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஸ்பைடரின் பொறுப்பு, சரவுண்ட் அதற்குத் துணை.

முதலில், அது ரப்பர்தானா?

இதைத் தெரிந்துகொள்ளாமல் எதையும் தடவாதீர்கள், எதையும் வாங்காதீர்கள். செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து, கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்.

ஊசி குத்தியது போலப் பொடிப்பொடித் துளைகள் தெரிந்தால் அது ஃபோம், அதாவது பாலியூரித்தேன் நுரை. ஈரக்காற்றில் இருக்கும் நீரே அதைச் சிதைத்துவிடும், பதினைந்து இருபது வருடத்தில் விரல் பட்டாலே பிசுபிசுவென்று உதிரும். டன்னாய் நிறுவனம் 1974-ல் கொண்டுவந்த எச்பிடி வரிசை ஃபோம் ஓரத்துக்குப் பேர் போனது. அதைக் காப்பாற்ற வழியே கிடையாது, மாற்றத்தான் வேண்டும். அது தனி விஷயம், இங்கே அதைப் பேசப்போவதில்லை.

நெசவு இழை தெரிந்தால் அது துணி, மேலே ஏதோ ஒரு பூச்சு. 1950களிலும் 60களிலும் வந்த ஏஆர், கேஎல்எச் என்ற அமெரிக்க நிறுவனங்களின் பெட்டிகளில் இதைப் பார்க்கலாம். ஏஆர்-3ஏ மாதிரியிலேயே முதலில் வந்தவற்றில் துணி ஓரம், பின்னால் வந்தவற்றில் ஃபோம். ஜப்பானின் டயாடோன் வூஃபர்களிலும் பிசின் ஊறிய துணி ஓரம் உண்டு.

துளையும் இல்லை, இழையும் இல்லை, ஆனால் பிளாஸ்டிக் போல ஒரு பளபளப்பு, தொட்டால் லேசான எண்ணெய்ப் பிசுக்கு என்றால் அது பெரும்பாலும் பிவிசி. 1970களின் பிரிட்டிஷ் ஸ்பீக்கர்கள் சிலவற்றில் இது இருக்கும்.

மற்றதுதான் உண்மையான ரப்பர். அதிலும் பியூட்டைல், நியோப்ரீன், நைட்ரைல், இயற்கை ரப்பர் என்று ஜாதிகள் உண்டு. பியூட்டைல் என்பது சைக்கிள், லாரி டயர்களின் உள் ட்யூப் செய்யும் அதே சரக்கு. காற்றை விடாது, அதிர்வை நன்றாக உறிஞ்சும், ஓசோனையும் ஓரளவு தாங்கும். இயற்கை ரப்பரும் நைட்ரைலும் ஓசோன் பட்டால் சீக்கிரம் வெடிக்கும்.

விரல் சோதனை ஒன்று இருக்கிறது. சரவுண்டின் உருண்ட மேட்டில் சுட்டுவிரலின் சதைப்பகுதியால் மெதுவாக ஒரு குழி விழும்படி அழுத்தி, விரலை எடுங்கள். உயிருள்ள ரப்பர் விரலோடு கூடவே எழும்பிவரும். களைத்த ரப்பர் ஒரு நொடி யோசித்துவிட்டு மெல்ல எழும். செத்த ரப்பரில் குழியே விழாது, அல்லது பழைய எக்ஸ்ரே பிலிமை வளைத்தது போல 'டக்' என்று ஒரு சத்தத்தோடு உள்ளே போய் அப்படியே நிற்கும். அந்த 'டக்' கேட்டால் மட்டும்தான் மாற்றுவதைப் பற்றி நான் யோசிக்க ஆரம்பிப்பேன். வளையத்தின் ஒரே இடத்தில் பார்த்துவிட்டு விடாதீர்கள், கடிகார முள் மாதிரி சுற்றிச் சுற்றி எட்டு இடத்திலாவது அழுத்திப் பாருங்கள். ஜன்னல் வெயில் பட்ட பாதி மட்டும் விறைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: பேஸ் மெலிந்துவிட்டது, ஓரம் விறைப்பாகத் தெரிகிறது

அடிக்கடி வருகிற புகார் இதுதான், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

ரப்பர் விறைத்தால் வூஃபரின் இயல்பு அதிர்வெண், அதாவது கோன் தானாகவே எளிதில் ஆடும் அதிர்வெண், மேலே ஏறும். எவ்வளவு ஏறும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது: விறைப்பின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப. அதாவது ஸ்பைடரும் சரவுண்டும் சேர்ந்த மொத்த விறைப்பு இரண்டு மடங்கு ஆனால் அதிர்வெண் 1.41 மடங்கு ஆகும், 30 ஹெர்ட்ஸில் இருந்த வூஃபர் 42-க்குப் போய்விடும். இது சின்ன விஷயம் இல்லை. போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டியில் போர்ட்டின் அதிர்வெண் பழைய இடத்திலேயே நிற்க, வூஃபர் மட்டும் மேலே போய்விடுவதால் இரண்டும் ஒத்துப்போகாது, பேஸ் ஒரு இடத்தில் மொத்தையாகவும் அதற்குக் கீழே ஒன்றுமே இல்லாமலும் கேட்கும்.

ஆனால் முழுக்க மூடிய பெட்டியில் கதை வேறு. எட்கர் வில்ச்சர் 1954-ல் ஏஆர்-1 ஸ்பீக்கரைக் கொண்டுவந்தபோது செய்த புதுமையே, கோனைத் திரும்ப இழுக்கும் வேலையில் பெரும்பங்கை ரப்பரிடமும் ஸ்பைடரிடமும் இருந்து எடுத்துப் பெட்டிக்குள் அடைபட்ட காற்றிடம் கொடுத்ததுதான். சரவுண்டும் ஸ்பைடரும் ஒரு பங்கு, காற்று மூன்று பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு பங்கு இரண்டாக ஆனாலும் மொத்தம் 4-ல் இருந்து 5-க்குத்தான் போகிறது, அதிர்வெண் 12 சதவீதம்தான் ஏறும். காதால் கண்டுபிடிக்கக் கொஞ்சம் சிரமப்பட வேண்டும். ஆகவே மூடிய பெட்டி வைத்திருப்பவர்கள் ரப்பர் சற்று விறைத்ததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அனுமானத்தில் போகாமல் அளந்துவிடுங்கள், இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வூஃபரைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் வயரில் 1000 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டு வூஃபருக்குக் கொடுங்கள். செல்போனில் டோன் ஜெனரேட்டர் செயலி ஒன்றை இறக்கி ஆம்ப்ளிஃபையரில் சொருகுங்கள். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து வூஃபரின் இரண்டு முனைக்கும் குறுக்கே பிடியுங்கள். 15 ஹெர்ட்ஸில் தொடங்கி ஒவ்வொரு ஹெர்ட்ஸாக ஏற்றிக்கொண்டே வந்தால், மீட்டரின் எண் ஏறி ஏறி ஒரு இடத்தில் உச்சத்துக்குப் போய் மறுபடி இறங்கும். அந்த உச்சம்தான் இயல்பு அதிர்வெண். மலிவு மீட்டர்கள் இவ்வளவு கீழே துல்லியமாகக் காட்டாது, பரவாயில்லை, நமக்கு வேண்டியது எண் இல்லை, உச்சம் எங்கே என்பது மட்டும்தான். வூஃபரைக் கையில் தூக்கிச் செங்குத்தாகப் பிடித்து அளப்பது நல்லது, மேஜையில் மேக்னட்டைக் கவிழ்த்து வைத்தால் பின்னால் இருக்கும் காற்றுத்துளை அடைபட்டு அளவு மாறிவிடும்.

இரண்டு வூஃபரையும் அளந்து ஒப்பிடுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண், தயாரிப்பாளர் கொடுத்த எண்ணுக்கும் பக்கத்தில் என்றால், ரப்பரை விட்டுவிட்டு, ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரில் இருக்கும் பழைய எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். ஒன்று மட்டும் பத்து ஹெர்ட்ஸ் மேலே நிற்கிறது என்றால்தான் அந்த வூஃபரில் வேலை இருக்கிறது.

பல வருடம் பரணில் சும்மா கிடந்த வூஃபர் என்றால் முதல் மருந்து ஓடவிடுவதுதான். பெட்டிக்கு வெளியே வைத்து 20 ஹெர்ட்ஸ் கொடுத்து, கோன் இரண்டு மூன்று மில்லிமீட்டர் போய்வரும் அளவுக்கு மட்டும் ஒலியை ஏற்றி, சில மணி நேரம் விட்டுவிடுங்கள். சத்தமே பெரிதாகக் கேட்காது, கோன் மூச்சு விடுவது போல அசைந்துகொண்டிருக்கும். பக்கத்திலேயே இருங்கள், அளவு மீறி ஆடவிடக் கூடாது. பிறகு மறுபடி அளங்கள். என்னிடம் இருக்கும் எட்டு இஞ்ச் ஜோடியில் ஒன்று 41-ல் நின்றது, இன்னொன்று 33. ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டுக் காலையில் அளந்தால் முதலாவது 35-க்கு வந்திருந்தது. ரப்பர் ரிங் வாங்க எடுத்து வைத்த பணம் அப்படியே பாக்கெட்டுக்குத் திரும்பியது. இறுகியிருந்ததில் பெரும்பகுதி ஸ்பைடர்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இரண்டின் ரப்பரும் விரலுக்கு ஒரே மாதிரிதான் இருந்தது.

ஓட்டியும் இறங்கவில்லை, விரல் சோதனையிலும் விறைப்பு என்றால் அடுத்து எல்லோரும் கேட்பது, எதைத் தடவினால் இளகும் என்பது. வின்டர்கிரீன் எண்ணெய், அதாவது மெத்தில் சாலிசிலேட், ரப்பரை இளக்கும், இது உண்மை. வலி நிவாரணத் தைலங்களின் மணம் அதுதான், தடவிய பிறகு இரண்டு நாளைக்கு அறையே முட்டிவலிக்குத் தைலம் போட்ட வீடு மாதிரி மணக்கும். ஆனால் அது ரப்பரை உப்பவைத்து இளக்குகிறது, எண்ணெய் ஆவியாகப் போகப் போக விறைப்பு திரும்பிவரும், அதோடு ஓரத்துப் பசையும் இளகிவிடலாம். பிரிண்டர் உருளைகளுக்கென்று விற்கும் ரப்பர் புதுப்பிப்பான்களில் இதனோடு சைலீனும் கலந்திருக்கும், அது பிளாஸ்டிக் கோனைத் தின்னும். ஆகவே தூக்கிப்போடும் நிலையில் இருக்கும் ரப்பருக்கு மட்டும், காதுக் குச்சியில் துளியாகத் தொட்டு, உருண்ட மேட்டில் மட்டும் தடவிப் பார்க்கலாம். ஓரளவு நல்ல நிலையில் இருப்பதில் வேண்டவே வேண்டாம்.

ஜப்பான்காரர்கள் டயாடோன் ஓரங்களுக்கு வாகன பிரேக் ஆயில் தடவுவதைப் பார்த்துவிட்டு ரப்பருக்கும் அதையே செய்கிறார்கள் சிலர். அது துணியின் மேல் இறுகிப்போன பிசினுக்கான வைத்தியம், ரப்பருக்கானது இல்லை. துணி ஓரத்திலும் டாட் 3 வகையை மட்டும்தான் எடுக்க வேண்டும், பின்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, காகிதக் கோனில் படாமல். பட்டால் கறை போகாது, சட்டத்தின் பெயிண்டையும் உரித்துவிடும்.

தேங்காய் எண்ணெய், வாசலின், மண்ணெண்ணெய், துரு எடுக்கும் ஸ்பிரே எதுவும் கூடாது. பியூட்டைலும் இயற்கை ரப்பரும் எண்ணெயில் ஊதிப்போகும், முதல் வாரம் மிருதுவாகத் தெரியும், அப்புறம் தொளதொளவென்று தொங்கும். சிலிக்கான் கலந்த டேஷ்போர்டு பாலிஷும் வேண்டாம், நாளைக்கு அந்த இடத்தில் எந்தப் பசையும் ஒட்டாது.

அறிகுறி: ஏதோ ஒரு சுரத்தில் மட்டும் 'ஜிர்ர்' என்கிறது

மிருதங்கத்தின் இடந்தலை தொப்பியில் விழும் அடி, அல்லது பேஸ் கிட்டாரின் ஒரே ஒரு சுரம், அதில் மட்டும் ஜிர்ரென்று ஒட்டிக்கொண்டு வரும் சத்தம். இதற்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர் இல்லை, ரப்பரின் பசை. வயதானால் பசை வறண்டு, கோனின் விளிம்பில் ஒரு இஞ்சோ இரண்டு இஞ்சோ விட்டுப்போகும். கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் ரப்பர் அங்கேயேதான் படிந்திருக்கும்.

20-ல் இருந்து 200 ஹெர்ட்ஸ் வரை டோனை மெதுவாக நகர்த்தி, ஜிர் வரும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது ஒரு விரல் நுனியால், பூவைத் தொடுவது போல, கோனும் ரப்பரும் சேரும் கோட்டில் ஒவ்வொரு இடமாகத் தொட்டுக்கொண்டே வாருங்கள். எந்த இடத்தில் தொட்டதும் ஜிர் நிற்கிறதோ அங்கேதான் விட்டிருக்கிறது. பென்சிலால் லேசாகக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரப்பரும் இரும்புச் சட்டமும் சேரும் வெளி வட்டத்திலும் இதே மாதிரி செய்யுங்கள். இரண்டிலும் நிற்கவில்லை என்றால் கோனின் நடுவில் உள்ள மூடியான டஸ்ட் கேப்பைத் தொட்டுப் பாருங்கள், அதுவும் இல்லையென்றால் கோனை அசைக்கும் கம்பிச்சுருளான வாய்ஸ் காயிலில் இருந்து வரும் வயர் கோனில் அடிக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் முன்பக்க பேட்ஜ் ஆணி தளர்ந்திருந்தாலும் அச்சு அசல் இதே சத்தம் வரும், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்குப் போனது.

விட்ட இடம் தெரிந்துவிட்டால் மாற்ற வேண்டியதே இல்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் பசையைத் தொட்டு இடுக்கில் செருகி இழுத்துவிட்டு, துணிக் கிளிப்பைப் போட்டு ஒரு நாள் விடுங்கள். காகிதக் கோன் என்றால் வெள்ளை ஃபெவிகாலே போதும்.

அறிகுறி: கரகரவென்று உரசும் சத்தம்

ஒலியைக் குறைத்து வைத்தாலும் தொண்டை கட்டியது போல ஒரு கரகரப்பு இருந்தால் வாய்ஸ் காயில் மேக்னட்டின் இடுக்கில் உரசுகிறது. ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டு, இரண்டு கையின் கட்டைவிரல்களையும் கோனில் எதிரெதிரே வைத்து நேராக உள்ளே அழுத்துங்கள், காதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மணல் தாளில் நகம் பட்டது போலக் கேட்டால் உரசல்தான்.

பருத்த கோன் உள்ள பத்து, பன்னிரண்டு இஞ்ச் வூஃபர்கள் பல வருடம் ஒரே நிலையில் நின்றால் ரப்பரும் ஸ்பைடரும் தளர்ந்து கோன் கீழ்ப்பக்கம் இறங்கும். இதற்கு ஒரு பழைய கைவைத்தியம் உண்டு: ஆணிகளைக் கழற்றி வூஃபரை அரை வட்டம் திருப்பி மாட்டுவது. கீழே இருந்தது மேலே வரும், இப்போது கனம் எதிர்ப்பக்கம் இழுக்கும். லேசான உரசல் இதிலேயே நின்றுவிடும். உரசல் இல்லாவிட்டாலும் சில வருடத்துக்கு ஒரு முறை இப்படித் திருப்பி வைப்பது நல்ல பழக்கம்.

திருப்பியும் நிற்கவில்லை என்றால், ஒரு பாதி விறைத்த ரப்பர் கோனை ஒரு பக்கமாக இழுக்கிறதா என்று பாருங்கள். கோனை ஒரு பக்கத்தில் மட்டும் லேசாகத் தள்ளிக்கொண்டு அசைக்கும்போது உரசல் நின்றால், நடு விலகியிருக்கிறது, ஓரத்தைப் பிரித்து மறுபடி ஒட்டினால் சரியாகும். எந்தப் பக்கம் தள்ளினாலும் உரசல் என்றால் காயிலே கருகி உப்பியிருக்கிறது, அதற்கு ரப்பர் என்ன செய்யும்.

அறிகுறி: வெள்ளைப் பொடி

கறுத்த ரப்பரின் மேல் சாம்பல் பூத்தது போல வெள்ளை படர்ந்தால் பயந்துவிடாதீர்கள். ஓசோன் தாக்காமல் இருக்க ரப்பரில் கலக்கும் மெழுகு மெல்ல மெல்ல மேலே வந்து படிகிறது. அது ரப்பரின் கவசம், தேய்த்து எடுத்தால் அந்தப் பாதுகாப்பைத்தான் எடுக்கிறீர்கள். ஆனால் கடலோர ஊர்களின் ஈரத்துக்குப் பூஞ்சையும் பிடிக்கும். ஹேர் டிரையரை ஒரு அடி தள்ளிப் பிடித்து மெல்லிய சூட்டில் காட்டினால் மெழுகு இளகி மறையும், பூஞ்சை அப்படியே இருக்கும். அதோடு பூஞ்சை புள்ளிபுள்ளியாக இருக்கும், மக்கின வாடையும் வரும். பூஞ்சை என்றால் மிதமான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்துவிட்டு, ரப்பரை மட்டும் துடையுங்கள், காகிதக் கோனில் ஈரம் படக் கூடாது.

அறிகுறி: ஓரம் பிசுபிசுக்கிறது

பிவிசி என்றால் அதை மிருதுவாக வைத்திருந்த எண்ணெய் போன்ற பொருள் வெளியே கசிந்து வருகிறது. மேலே வந்த அளவுக்கு உள்ளே குறைந்திருக்கிறது, அதனால் பிசுக்கும் விறைப்பும் சேர்ந்தே வரும். ரப்பருக்கான எந்த மருந்தும் இதற்கு உதவாது. பிழிந்த துணியால் துடைத்துத் தூசியை எடுங்கள், இயல்பு அதிர்வெண்ணை அளங்கள், அது நல்ல இடத்தில் இருந்தால் அப்படியே விடுங்கள். ரப்பரே பிசுபிசுத்தால், முன்பு யாரோ எண்ணெய் தடவியிருக்கிறார்கள், அல்லது ரப்பர் கெட்டு இளக ஆரம்பித்துவிட்டது. இரண்டாவது என்றால் மாற்றத்தான் வேண்டும்.

அறிகுறி: மயிர்க்கோடு போல வெடிப்புகள்

இழுவிசை படும் இடத்தில், இழுக்கும் திசைக்குக் குறுக்காக, சின்னச் சின்னக் கோடுகளாக வந்தால் அது ஓசோன் வேலை. கார்பன் பிரஷ் வைத்த மோட்டார்கள், பழைய லேசர் பிரிண்டர்கள், அயனி விடும் காற்றுச் சுத்திகரிப்பான்கள் இவற்றின் பக்கத்தில் ரப்பர் ஓர ஸ்பீக்கரை வைக்காதீர்கள். ஜன்னல் வெயிலும் அதே அளவு கெடுதல்.

வெடிப்பு மேலோட்டமா, ஊடுருவியதா என்பதுதான் கேள்வி. ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு, கழற்றிய வூஃபரின் பின்பக்கச் சட்டத்தின் ஜன்னல் வழியாக டார்ச்சை விட்டு, முன்னால் இருந்து பாருங்கள். கோனை இரண்டு விரலால் லேசாக உள்ளே தள்ளினால் ரப்பர் விரியும். ஊடுருவிய வெடிப்பு இருந்தால் அந்த இடத்தில் ஊசி முனை போல ஒரு ஒளிப்புள்ளி மின்னும். ஒன்றும் மின்னவில்லை என்றால் இன்னும் பல வருடம் ஓடும், தொடாதீர்கள்.

ஒன்றிரண்டு புள்ளிதான் என்றால், சைக்கிள் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைப் பின்பக்கத்தில் இருந்து மெல்லிசாக, குச்சியின் நுனியால் பூசிக் காயவிடலாம். தடிமனாக அப்பினால் அந்த இடம் மட்டும் கனத்து கோன் சாய்ந்து ஆடும். சூப்பர் க்ளூ மட்டும் உருண்ட மேட்டில் வேண்டாம், கண்ணாடி மாதிரி இறுகி அதன் ஓரத்திலேயே புதிதாகக் கிழியும். வளையம் முழுக்க ஒளிப்புள்ளிகள் மின்னினால் ஒட்டுப்போடுவதில் அர்த்தம் இல்லை.

அறிகுறி: மூடிய பெட்டி, பேஸ் இல்லை, ஆனால் ரப்பர் நன்றாகத்தான் இருக்கிறது

கோனை மெதுவாக உள்ளே அழுத்தி விடுங்கள். காற்று அடைபட்ட பெட்டியில் கோன் பதமாக, ஓரிரு நொடி எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கு வரும். 'பட்'டென்று திரும்பினால் காற்று எங்கோ ஓடுகிறது. 25 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஊதுபத்தியை ஓரத்தைச் சுற்றி, ஆணிகளைச் சுற்றி, பின்பக்க டெர்மினலைச் சுற்றி, இரண்டு இஞ்ச் தள்ளியே கொண்டுபோங்கள். நேராக எழும் புகை எந்த இடத்தில் துடிக்கிறதோ அங்கே கசிவு. பல நேரம் அது வூஃபரின் பின்னால் இருக்கும் காய்ந்துபோன ரப்பர் வாஷரில் இருக்கும், சரவுண்டில் இருக்காது. ஏஆர், கேஎல்எச் போன்ற துணி ஓரங்களில் மட்டும் துணியின் இழைகளுக்கு நடுவிலேயே கசியும். அதற்குப் பியூட்டைல் கலந்த பூச்சை மெல்லிசாக ஒரு கை பூச வேண்டும், காய்ந்த பிறகும் மிருதுவாக இருக்கும் பூச்சாக இருக்க வேண்டும்.

சரி, மாற்றத்தான் வேண்டும் என்றால்

நான்கு அளவு எடுங்கள்: சட்டத்தில் ஒட்டும் வெளி விட்டம், உருண்ட மேடு தொடங்கும் விட்டம், மேடு முடியும் விட்டம், கோனில் ஒட்டும் பட்டையின் உள் விட்டம். "எட்டு இஞ்ச் ரிங்" என்று கேட்டு வாங்கினால் பொருந்தாது, ஒவ்வொரு தயாரிப்பாளரின் எட்டு இஞ்சும் வேறு. சென்னை ரிச்சி தெருவுக்குப் போனாலும் வூஃபரைக் கையோடு எடுத்துப் போய் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் இருந்த இடத்தில் ஃபோம் போடாதீர்கள். இலேசான ஃபோம் வந்தால் ஆடும் எடையும் விறைப்பும் மாறும், கோனின் விளிம்பு அதிர்வை உறிஞ்சும் விதமும் மாறிவிடும். கனமான கார் சப்வூஃபர் ரப்பரும் வேண்டாம். எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள்.

பசையைத் தேர்ந்தெடுக்கும் முன் கோன் எதனால் ஆனது என்று பாருங்கள், பலரும் சறுக்குவது இங்கேதான். காகிதம் என்றால் எந்தப் பசையும் ஒத்துவரும். பிபிசி ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்த பெக்ஸ்ட்ரீன் கோன், அதாவது எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கரில் வரும், கேஇஎஃப் நிறுவனத்தின் பி110 வூஃபரில் இருப்பது போன்றவை, பாலிஸ்டைரீன் சார்ந்த பிளாஸ்டிக். காண்டாக்ட் பசைகளில் இருக்கும் டொலுயீன் அதைக் கரைத்துவிடும், ஒரே நிமிடத்தில் விளிம்பு சுருங்கி நெளிந்துபோகும். அதற்குத் தண்ணீர் சார்ந்த பசைதான். பாலிப்ரொப்பிலீன் கோன் இதற்கு நேர் எதிர், எதுவும் அதில் ஒட்டாது. பாலிப்ரொப்பிலீனுக்கென்று உள்ள பிரைமரைப் பூசிவிட்டு, கோனின் தட்டையான விளிம்பில் மட்டும் சயனோஅக்ரிலேட் பசை (சூப்பர் க்ளூ) போட வேண்டும்.

பழைய ரப்பரை எடுக்க ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைக் காதுக் குச்சியில் தொட்டு ஓரமாக ஊறவைத்து, ஐஸ் குச்சியைச் சீவிய முனையால் நெம்புங்கள். கத்தி வேண்டாம். பெக்ஸ்ட்ரீன் கோனின் மேல் ஒரு பூச்சு இருக்கும், ஆல்கஹால் அதையும் இளக்கும் என்பதால் விளிம்பைத் தாண்டவிடாதீர்கள். வெளி வட்டத்தில் இருக்கும் அட்டை வளையத்தை முழுதாக எடுத்து வையுங்கள், அது மறுபடி வேண்டும்.

முதலில் கோன் பக்கம் ஒட்டி, முழுக்கக் காயவிடுங்கள். அப்புறம்தான் சட்டத்தின் பக்கம். காண்டாக்ட் பசையை இருபுறமும் பூசிக் காயவைத்து ஒட்டினால் பட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும், நகர்த்த வழியில்லை, நடுவைச் சரிசெய்ய முடியாது. ஆகவே சட்டத்தில் மெதுவாக இறுகும் பசை. பசை ஈரமாக இருக்கும்போதே 30 ஹெர்ட்ஸ் டோனை மிகக் குறைந்த ஒலியில் ஓடவிட்டு, ரப்பரை அரை மில்லிமீட்டர் இப்படி அப்படி நகர்த்தி, கரகரப்பு துளியும் இல்லாத இடத்தில் நிறுத்துங்கள். காது நம்பிக்கை தரவில்லை என்றால் டஸ்ட் கேப்பைப் பிரித்து, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையில் பிலிம் துண்டுகளைச் சுற்றிலும் செருகி, காய்ந்த பிறகு எடுக்கலாம். அட்டை வளையத்தை வைத்து, சுற்றிலும் துணிக் கிளிப் போட்டு, 24 மணி நேரம் தொடாமல் விடுங்கள்.

மாட்டும் முன் ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள், பேட்டரியின் பிளஸ் சிவப்பு முனையில் பட்டால் கோன் வெளியே வர வேண்டும். பழைய ஜேபிஎல் வூஃபர்களில் உள்ளே போகும், அது அந்த நிறுவனத்தின் பழைய முறை, கோளாறு இல்லை. இரண்டும் ஒரே திசையில் போகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பிறகு இயல்பு அதிர்வெண்ணை இன்னொரு தடவை அளந்து, இரண்டு எண்ணையும் தேதி போட்டு மேக்னட்டின் பின்னால் மார்க்கரில் எழுதிவிட்டு, ஆணிகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.